வெறும் வண்டிக்கும் சுங்கம் உண்டு, தெரியுமா?

முத்துக்குளிக்கும் படகு ஒன்றில் மூழ்குபவர்கள் பத்துப் பேர் என்றால், அவர்களை ஆழத்துக்கு இறக்கும் கற்கள் எத்தனை இருக்கும், தெரியுமா? ஐந்தே ஐந்து! மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பைக் கண்ணால் பார்த்தவர்கள் எழுதி வைத்த கணக்கு இது. இரண்டு பேருக்கு ஒரு கல். கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து ஒருவர் சரசரவென்று பாருக்கு, அதாவது கடலடியில் சிப்பி படிந்திருக்கும் திட்டுக்கு, இறங்குவார். அவர் அடியைத் தொட்டதுமே மேலே கயிறு பிடித்திருப்பவர் கல்லை இழுத்துவிடுவார். சிப்பி நிறைந்த வலைப்பையோடு அவர் மேலே வந்து மூச்சு வாங்கும்போது, அதே கல்லில் கால் வைத்து அடுத்தவர் இறங்கியிருப்பார். படகு பாரில் நிற்கும் வரை கல்லுக்கு ஓய்வே கிடையாது!

காற்றைக்கூட அவர்கள் வீணாக்கவில்லை. நள்ளிரவு வாக்கில் கரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்றில் பாய் விரித்துப் புறப்படுவார்கள். பிற்பகலில் கடலிலிருந்து கரைக்கு வீசும் காற்றில் சிப்பியோடு திரும்புவார்கள். போவதற்கும் காற்று, வருவதற்கும் காற்று.

தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது. இன்று இந்தக் கரையின் செல்வம் லாரியில் ஏறிப் போகிறது, லாரியில் ஏறி வருகிறது. 1974 ஜூலை 11-ல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, 2011-ல் வ.உ.சிதம்பரனார் பெயரைத் தாங்கிய துறைமுகத்தின் வாசலில் இரவும் பகலும் டிரெய்லர்கள் உறுமுகின்றன. இவற்றில் எத்தனையோ வண்டிகள் ஒரு பக்கம் லோடோடும் மறுபக்கம் எம்ப்டியாகவும் ஓடுகின்றன. கல்லைக்கூடச் சும்மா விடாத கரையில், பல லட்சம் ரூபாய் பெறும் வண்டி சும்மா ஓடுகிறது! இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு போனால் எத்தனை வியப்புகள் வந்து விழுகின்றன என்று பாருங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் சரக்கு லாரிகள் ஓடும் தூரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வெறும் ஓட்டம், தெரியுமா? பிரிட்டனில் அது ஏறக்குறைய 30 சதவீதம். அகலச் சாலை, கணினி, திட்டமிடுவதற்கென்றே தனி அலுவலர்கள் என்று எல்லா வசதியும் உள்ள நாடுகளின் நிலை இது. அப்படியென்றால் இது சோம்பேறித்தனத்தால் வந்த நோய் அல்ல. சரக்கு ஒரு திசையில் பெருகியும் மறுதிசையில் மெலிந்தும் இருப்பதுதான் இதன் வேர்.

வெறும் வண்டிக்கும் முழுச் சுங்கம் உண்டு, தெரியுமா? மதுரைச் சாலையில் புதூர் பாண்டியாபுரம், திருநெல்வேலிச் சாலையில் வாகைக்குளம், இரண்டிலும் கட்டணம் வண்டியின் வகையையும் அச்சையும் பார்த்துத்தான். உள்ளே சரக்கு இருக்கிறதா, காற்று இருக்கிறதா என்பதை ஃபாஸ்டேக் பார்ப்பதில்லை! 24 மணி நேரத்துக்குள் திரும்பி வந்தால் போக வரச் சேர்த்து ஒன்றரைக் கட்டணம் என்று ஒரு சலுகை தேசிய நெடுஞ்சாலை விதியில் இருக்கிறது. ஆனால் ரிட்டன் லோடு தேடி வெளியூரில் இரண்டு நாள் நிற்கும் வண்டிக்கு அந்தச் சலுகை கிடைக்காது. லோடு பிடித்துத் திரும்ப வேண்டும் என்று பொறுமையாக நிற்பவருக்குச் செலவு கூடுதல், எம்ப்டியாக உடனே ஓடிவருபவருக்குச் சலுகை. இந்த விதி மாற வேண்டாமா?

ஒரு லிட்டர் டீசலின் எடை ஒரு கிலோகூட இல்லை. அது எரிந்தால் வெளிவரும் கரியமில வாயு எவ்வளவு, தெரியுமா? 2.6 கிலோவுக்கு மேல்! காற்றிலுள்ள ஆக்சிஜன் வந்து சேர்ந்துகொள்வதால் எடை மூன்று மடங்காகிவிடுகிறது. சரக்கு இல்லையென்றால் டீசலும் இல்லாமல் போய்விடுமா என்ன? வண்டியின் சொந்த எடையையும் எதிர்க்காற்றையும் எஞ்சின் தள்ளித்தானே ஆக வேண்டும்! நாற்பதடி கன்டெய்னர் வெறுமையாக இருந்தாலே 3.7 டன்னுக்குக் குறையாது. அதோடு டிரெய்லர், அதோடு எஞ்சின் வண்டி. யாருக்கும் எந்தப் பொருளும் கொண்டுபோகாமலே இத்தனை எடையும் ஊர் ஊராகப் போகிறது.

இன்னொன்று கேளுங்கள், நம்பவே முடியாது. பாரம் ஏற்றிய லாரியைவிட வெறும் லாரிக்குச் சில நேரம் நிற்கவே அதிகத் தூரம் வேண்டும்! கனரக வண்டிகளின் பிரேக்கும் ஸ்பிரிங்கும் பாரத்தோடு ஓடுவதற்கென்று அமைந்தவை. பாரம் இல்லாதபோது டயர் சாலையை அழுத்திப் பிடிக்காது, அதனால் துள்ளும், வழுக்கும். ஓட்டுநர் பயிற்சிக் கையேடுகளே இதை எச்சரிக்கின்றன. காற்றாலைகள் நிற்கும் கயத்தாறு, முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆடி மாதக் காற்றில் வெறும் கன்டெய்னரோடு போகும் ஓட்டுநரைக் கேட்டால், ஸ்டீயரிங்கைப் பிடித்த கை எப்படி வலிக்கும் என்று சொல்வார். வெறும் ஓட்டம் பணத்தோடு போவதில்லை, உயிரையும் உரசிப் பார்க்கிறது.

ஒரே சாலை, ஒரே வண்டி, ஒரே தூரம். ஆனால் போகும்போது ஒரு வாடகை, வரும்போது வேறு வாடகை, தெரியுமா? கேரளத்துக்கு அரிசியும் காய்கறியும் சிமென்ட்டும் தமிழ்நாட்டிலிருந்து மலைபோல் போகின்றன. அங்கிருந்து அந்த அளவுக்குத் திரும்பி வர ஒன்றும் இல்லை. அதனால் போகும் வாடகையிலேயே திரும்பும் டீசலையும் சேர்த்து வைத்துத்தான் பேசுவார்கள். ஒட்டன்சத்திரத்துக் காய்க்குக் கொச்சியில் நின்று விலை கொடுப்பவர், வண்டி வெறுமையாகத் திரும்பும் செலவையும் சேர்த்தே கொடுக்கிறார். எந்த ரசீதிலும் அது தனி வரியாக வருவதில்லை!

வெறும் கன்டெய்னருக்கு இ-வே பில் வேண்டாம், தெரியுமா? 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு மாநிலம் விட்டு மாநிலம் போனால் ஜிஎஸ்டி விதிப்படி இ-வே பில் வேண்டும். வெறும் கன்டெய்னருக்கு விலக்கு. புதிய லாரிகள் சிலவற்றில் எம்ப்டியாக ஓடும்போது ஓர் அச்சை மேலே தூக்கிக்கொள்ளலாம். சக்கரம் தரையில் படாது, டயர் தேயாது. அதாவது, வெறும் ஓட்டம் நடக்கத்தான் போகிறது என்று வண்டி செய்பவர்களே ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்!

இப்போது துறைமுகத்தின் பெரும்புதிருக்கு வருவோம். கன்டெய்னர் என்ற பெட்டி கப்பல் கம்பெனிக்குச் சொந்தம். லாரி வேறொருவருக்குச் சொந்தம். உள்ளே இருக்கும் சரக்கு மூன்றாமவருக்குச் சொந்தம். வெளிநாட்டுப் பஞ்சு ஏற்றிய பெட்டி தூத்துக்குடியில் இறங்குகிறது என்று வையுங்கள். கோவைப் பக்கத்து நூற்பாலைக்கு அதை டிரெய்லர் கொண்டுபோகிறது. பஞ்சை இறக்கியதும் வெறும் பெட்டியைச் சுமந்துகொண்டு தூத்துக்குடி யார்டுக்கே திரும்புகிறது. அதே நாளில் திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றுக்கு ஏற்றுமதிக்குப் பெட்டி வேண்டும். தூத்துக்குடி யார்டிலிருந்து வெறும் பெட்டியைச் சுமந்துகொண்டு இன்னொரு டிரெய்லர் திருப்பூருக்குப் புறப்படுகிறது. இரண்டு வெறும் பெட்டிகள், மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் எங்கோ எதிரும் புதிருமாக ஒன்றையொன்று கடந்து போகின்றன! கோவைக்கும் திருப்பூருக்கும் இடையே வெறும் ஐம்பது கிலோமீட்டர்தான். பஞ்சு இறக்கிய பெட்டி அப்படியே திருப்பூருக்குத் திரும்பியிருந்தால்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். திருப்பூர்–தூத்துக்குடி 320 கிலோமீட்டர் அளவு. இரண்டு வெறும் ஓட்டங்கள் மிச்சமானால் 640 கிலோமீட்டர். நடுவில் ஓடும் ஐம்பதைக் கழித்தாலும் கிட்டத்தட்ட 600. வெறும் வண்டி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டால் 150 லிட்டர் டீசல்! 400 கிலோ கரியமில வாயு! ஒரே ஒரு பெட்டியை வழி மாற்றிவிட்டதற்கு இவ்வளவு! ஒரு ஓட்டுநருக்கு ஓர் இரவுத் தூக்கமும் கிடைக்கும், அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

அப்படியென்றால் ஏன் செய்வதில்லை? இதை எளிதாக நினைத்துவிடக் கூடாது. பஞ்சு வந்த பெட்டியும் பனியன் போகும் பெட்டியும் ஒரே கப்பல் கம்பெனியுடையதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்தக் கம்பெனிகளுக்குள் உடன்பாடு வேண்டும். இருபதடி கேட்டவருக்கு நாற்பதடி உதவாது. குறித்த நாளுக்குள் பெட்டி யார்டுக்குத் திரும்பாவிட்டால் நாளொன்றுக்கு இவ்வளவு என்று அபராதம் ஏறும். பஞ்சு இறங்கும் நாளும் பனியன் கட்டி முடியும் நாளும் பொருந்த வேண்டும். பெட்டி சுத்தமாகவும் இருக்க வேண்டும். கழிவுக் காகிதம் வந்த பெட்டியில் வெள்ளைப் பனியன் ஏற்ற யார் துணிவார்கள்?

பெட்டியில் ஓட்டை இருக்கிறதா என்று எப்படிப் பார்க்கிறார்கள், தெரியுமா? ஒருவர் உள்ளே போய் நிற்பார். கதவை வெளியிலிருந்து சாத்துவார்கள். கும்மிருட்டில் நின்று எங்காவது ஊசிமுனை வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பார். வெளிச்சம் வந்தால் மழைநீரும் வரும், அந்தப் பெட்டி துணிக்கு ஆகாது. கருவி ஏதும் வேண்டாம், கண் போதும்! இந்தச் சோதனையைப் பஞ்சாலை வாசலிலேயே செய்ய முடிந்தால் பெட்டி யார்டுக்குத் திரும்ப வேண்டிய காரணங்களில் ஒன்று தீர்ந்தது.

வெறும் பெட்டி நம் ஊருக்கு மட்டும் வந்த சாபம் அல்ல. உலகத் துறைமுகங்களில் கையாளும் கன்டெய்னர்களில் ஐந்தில் ஒன்று அளவுக்கு வெறும் பெட்டிதான். ஆசியா அனுப்பும் பொருளுக்கு ஈடாக அமெரிக்காவில் ஏற்ற ஒன்றும் இல்லாமல், பசிபிக் பெருங்கடல் முழுவதும் காற்றைச் சுமந்துகொண்டு கப்பல்கள் திரும்புகின்றன. இதற்காகவே மடக்கும் கன்டெய்னர் செய்திருக்கிறார்கள். நான்கை மடித்து அடுக்கினால் ஒரு பெட்டியின் இடம்தான்!

கப்பல் என்றதும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. லாரியாவது வெறுமையாக ஓடும். கப்பலால் அதுகூட முடியாது, தெரியுமா? பாரம் இல்லாத கப்பல் மேலே மிதந்து, சாய்ந்து, கவிழப் பார்க்கும். பாய்மரக் காலத்தில் கல்லையும் மணலையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். இன்று கடல்நீரையே தொட்டிகளில் நிரப்புகிறார்கள். அந்த நீரோடு ஒரு கடலின் உயிர்கள் மறு கடலுக்குப் பயணம் செய்கின்றன! வரிக்குதிரைச் சிப்பி என்ற சின்னஞ்சிறு உயிர் இப்படித்தான் 1980-களில் வட அமெரிக்கப் பேரேரிகளுக்குள் நுழைந்து, குடிநீர்க் குழாய்களையே அடைத்துவிட்டது. நிலைநீரைச் சுத்தம் செய்துதான் வெளியேற்ற வேண்டும் என்ற பன்னாட்டு ஒப்பந்தம் 2017 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. வெறுமை என்பது எவ்வளவு செலவு வைக்கிறது பாருங்கள்!

தூத்துக்குடித் தோணிக்காரர்களுக்கு இது தலைமுறைக் கவலை. மாலத்தீவுக்கும் லட்சத்தீவுக்கும் வெங்காயம், காய்கறி, கட்டுமானப் பொருள் என்று நிறைய ஏற்றிப் போவார்கள். தீவுகளில் எல்லாமே வெளியிலிருந்துதான் வர வேண்டும், வெளியே அனுப்ப அங்கே அதிகம் இல்லை. திரும்பும் சரக்கு கிடைத்தால் அது அதிர்ஷ்டம்.

ஆனால் இதே தூத்துக்குடி இந்தப் புதிரை ஒரு காலத்தில் அழகாக விடுவித்திருக்கிறது, தெரியுமா? அதுவும் உப்பையும் கரியையும் வைத்து!

முத்தைக் கைக்குட்டையில் முடிந்து கடல் கடக்கலாம். ஒரு லாரி நிறைய உப்பு ஏற்றினாலும் ஒரு நல்ல முத்தின் விலைக்கு வருமா என்பது சந்தேகம். எடை அதிகம், விலை குறைவு, அதனால் உப்பின் விலையில் பெரும்பங்கு அதைக் கொண்டுபோகும் கூலிதான். கூலி குறைந்தால்தான் உப்பு தூரம் போகும். கல்கத்தாவிலிருந்து நிலக்கரி ஏற்றித் தெற்கேயும் மேற்கேயும் வந்த கப்பல்கள், திரும்பும்போது தூத்துக்குடியிலிருந்தும் சௌராஷ்டிரக் கரையிலிருந்தும் உப்பை ஏற்றிக்கொண்டு வங்கத்துக்குப் போயின. வரும்போது கரி, போகும்போது உப்பு! கறுப்பும் வெள்ளையும் ஒரே கப்பலில்! இந்தியக் கடலோரக் கப்பல் தொழில் பல காலம் இந்த ஜோடியை நம்பித்தான் நின்றது. கப்பலின் சரக்கறையைக் கூட்டிக் கழுவிச் சுத்தம் செய்ய ஆகும் செலவைவிட, வெறுமையாகத் திரும்பாததில் வந்த லாபம் பெரிது.

இதற்கு ஒரு கொடிய மறுபக்கமும் இருக்கிறது, அதையும் தெரிந்துகொள்ள வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் லிவர்பூலிலிருந்து கல்கத்தாவுக்கு வந்த கப்பல்களுக்கு வங்கத்திலிருந்து ஏற்றிப் போக நிறைய இருந்தது, வரும்போது கொண்டுவரக் கனமான சரக்கு போதவில்லை. அடிப்பாரமாக எதையாவது ஏற்றித்தானே ஆக வேண்டும்? இங்கிலாந்தின் செஷயர் பகுதி உப்பை மிகக் குறைந்த கூலிக்கு ஏற்றினார்கள். கடலோரத்தில் உப்புக் காய்ச்சிக்கொண்டிருந்த வங்க மக்களால், ஏழு கடல் தாண்டி வந்த அந்த உப்போடு போட்டி போட முடியவில்லை. ஆட்சியாளர்களின் வரிக்கொள்கையும் சேர்ந்துகொண்டது. உள்ளூர் உப்புத் தொழில் நொறுங்கியது. ஒரு நாட்டின் கப்பல் வெறுமையாக வரக் கூடாது என்பதற்காக இன்னொரு நாட்டின் உப்பளம் வற்றியது! ரிட்டன் லோடு என்பது அவ்வளவு வலிமையான ஆயுதம்.

அந்த ஆயுதத்தைத் தூத்துக்குடிக்காரர் ஒருவர் நேருக்கு நேர் சந்தித்தார். 1906-ல் வ.உ.சி. சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைத் தொடங்கினார். காலியோ, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் 1907-ல் வந்து தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓடின. போட்டிக் கப்பல் நிறுவனமான பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி என்ன செய்தது, தெரியுமா? கட்டணத்தை வெட்டிக்கொண்டே போனது. கடைசியில் இலவசமாக ஏற்றிக்கொண்டு, கையில் குடையும் கொடுத்ததாகச் சொல்வார்கள்! சுதேசிக் கப்பல் வெறுமையாக ஓட வேண்டும், அது போதும் என்று கணக்குப் போட்டார்கள். ஒரு கப்பலைக் கவிழ்க்கப் பீரங்கி வேண்டாம், ஆளும் சரக்கும் ஏறாமல் பார்த்துக்கொண்டாலே போதும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஒற்றை லாரியை வைத்துக்கொண்டு தவணை கட்டும் நம் ஊர் முதலாளிக்கும் இது தெரியும், அனுபவத்தில் தெரியும்.

வெறுமையாகத் திரும்பியே தீர வேண்டிய வண்டிகளும் உண்டு. நாமக்கல்லின் பெருமையான எல்பிஜி டேங்கர் லாரியில் திரும்பும்போது அரிசி ஏற்ற முடியாது, பாலும் ஏற்ற முடியாது. தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் காற்றாலை இறக்கை கொண்டுவரும் டிரெய்லர்களோ, 70 மீட்டரைத் தாண்டிய இறக்கையை இறக்கிவிட்டுத் திரும்பும்போது உடம்பைச் சுருக்கிக்கொள்கின்றன! நீட்டி மடக்கும் அமைப்பு அது. அனல்மின் நிலையத்துக்குக் கப்பலிலிருந்து நிலக்கரி போவது லாரியில் அல்ல, கன்வேயர் பட்டையில். பட்டையின் அடிப்பக்கம் எப்போதும் வெறுமையாகத்தான் திரும்புகிறது. அது டீசல் குடிப்பதில்லை, சாலையை அடைப்பதில்லை, யாரையும் மோதுவதில்லை. இவற்றை விட்டுவிடலாம். நம் வருத்தம் ஏற்ற முடிந்தும் ஏற்றாமல் ஓடும் வண்டிகளைப் பற்றியது.

2018-ல் மத்திய அரசு லாரிகளின் எடை வரம்பை உயர்த்தியது. மூன்று அச்சு வண்டியின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன்னானது. ஒரு கையெழுத்தில் நாட்டின் லாரிகள் எல்லாம் பெரிதாகிவிட்டன! சரக்கு அதே வேகத்தில் பெருகுமா? அதே லோடுக்கு இன்னும் குறைந்த வண்டி போதும் என்றாகி, ரிட்டன் லோடுக்குப் போட்டி கூடியது.

லோடு எங்கே இருக்கிறது என்ற சேதி எப்படிப் பரவுகிறது, தெரியுமா? அமெரிக்காவில் ஒரேகான் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரில், 1978-ல் ஒரு லாரி நிறுத்தத்தில், வரும் வண்டிகளுக்குக் கிடைக்கக்கூடிய லோடுகளைக் காட்டும் பலகை வைத்தார்கள். சாப்பிட வந்த ஓட்டுநர் தலை நிமிர்ந்து பார்த்தார், தன் ஊர்ப் பக்கம் போகும் லோடைப் பிடித்தார். அந்தப் பலகைதான் வளர்ந்து அந்நாட்டின் மிகப் பெரிய லோடு வலையமைப்புகளில் ஒன்றாகியது! இந்தியாவில் 2015-ல் தொடங்கிய பிளாக்பக் போன்ற செயலிகள் அதே வேலையைக் கைப்பேசியில் செய்ய வந்தன. ஆனால் செயலி வந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நம்பிவிடக் கூடாது. சியாட்டில் நகரில் பெரும் முதலீட்டோடு தொடங்கிய கான்வாய் என்ற லாரி–லோடு இணைப்பு நிறுவனம் 2023 அக்டோபரில் கதவைச் சாத்தியது. பலகையில் எழுதுவது எளிது. எழுதியவரை நம்பலாமா, வாடகை கைக்கு வருமா, இறக்குமிடத்தில் எத்தனை நாள் நிற்க வைப்பார்கள் என்ற கேள்விகளுக்குத் திரை பதில் சொல்லாது.

நம் ஊர் புக்கிங் ஆபீஸ் அந்தக் கேள்விகளுக்குத்தான் பதில் சொல்கிறது. புரோக்கர் என்று சொல்லி அவரை மட்டம் தட்டுவது எனக்கு உடன்பாடில்லை. எந்த மில்லில் உடனே இறக்குவார்கள், எந்த ஓட்டுநர் இரவில் ஓட்டமாட்டார், எந்த வண்டியின் தார்ப்பாய் கிழிந்திருக்கிறது என்று அவர் தலைக்குள் ஓர் ஊரே இருக்கிறது. குறை எங்கே என்றால், சேதி அவருக்குத் தாமதமாக வருகிறது. தூத்துக்குடியில் தினமும் காதில் விழும் பேச்சு இது:

"அண்ணாச்சி, திருப்பூருக்கு எம்ப்டியாத்தான் போறேன். ஏதும் இருக்கா?"

"காலையிலயே சொல்லிருக்கலாம்லா தம்பி! இப்பதான் வேற வண்டிய ஏத்திவிட்டேன்."

இந்த அரை நாள் தாமதம்தான் முந்நூறு கிலோமீட்டர் வெறும் ஓட்டமாக மாறுகிறது!

இவ்வளவுக்கும் ஏற்றுமதி இறக்குமதிக் கன்டெய்னர்கள் எங்கே நகர்கின்றன என்பது இன்று அரசுக்குத் தெரியும், தெரியுமா? ரேடியோ அலைச் சில்லு ஒட்டிய பெட்டி துறைமுக வாசலையும் சுங்கச்சாவடிகளையும் தாண்டும்போதெல்லாம் லாஜிஸ்டிக்ஸ் டேட்டா பேங்க் என்ற தரவுக் களஞ்சியத்தில் பதிவு விழுகிறது. 2022 செப்டம்பர் 17-ல் வெளியான தேசிய லாஜிஸ்டிக்ஸ் கொள்கை, பல துறைகளின் தரவுகளை ஒரே இடத்தில் இணைக்கும் தளத்தையும் கொண்டுவந்தது. பெட்டி எங்கே என்று தெரிகிறது. அந்தப் பெட்டி நாளை வெறுமையாகப் போகிறவர் வீட்டுக்கு அடுத்த தெருவில் நிற்கிறது என்பதை அவருக்குச் சொல்லும் பழக்கம்தான் இன்னும் வரவில்லை.

ரயில்வே இதில் ஒரு படி முன்னே போய்விட்டது. வழக்கமாகச் சரக்குப் பெட்டிகள் வெறுமையாக ஓடும் திசையைக் கண்டறிந்து, அந்தத் திசையில் லோடு தருபவருக்குக் கட்டணச் சலுகை கொடுக்கிறது. எவ்வளவு எளிய யோசனை! எப்படியும் ஓடத்தான் போகிறது, பாதி விலைக்காவது யாராவது ஏறட்டும் என்ற தெளிவு.

ஜப்பானில் நடந்ததைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். கிரின், அசாகி இரண்டும் பீர் சந்தையில் பரம வைரிகள். 2017-ல் இருவரும் கானசாவா நகருக்கு ஒரே ரயிலில், ஒரே கிடங்குக்குத் தங்கள் பீரைச் சேர்த்து அனுப்பத் தொடங்கினார்கள்! லாரி ஓட்ட ஆள் கிடைக்காத நெருக்கடி பகையை மறக்க வைத்தது. 2024 ஏப்ரலிலிருந்து அங்கே லாரி ஓட்டுநரின் கூடுதல் வேலை நேரத்துக்கு ஆண்டுக்கு 960 மணி என்று வரம்பும் வந்துவிட்டது. கடை அலமாரியில் சண்டை போடலாம், சாலையில் வேண்டாம் என்று அவர்கள் முடிவெடுத்தார்கள். கரூரின் போர்வைக்காரரும் திருப்பூரின் பனியன்காரரும் சிவகாசியின் அச்சகக்காரரும் ஒருவருக்கொருவர் போட்டியாளர்கள்கூட இல்லையே! ஒரே துறைமுகத்துக்கு வண்டி அனுப்பும் இவர்கள் நாளைய தேதியைப் பகிர்ந்துகொள்வதில் யாருக்கு என்ன நட்டம்?

இதில் நட்டம் யார் தலையில் விழுகிறது, தெரியுமா? வாடகையில் இத்தனை சதவீதம் என்று படி வாங்கும் ஓட்டுநர் தலையில். வாடகை இல்லாத ஓட்டத்தில் படி எங்கிருந்து வரும்? வெளியூர் லாரிப்பேட்டையில் ரிட்டன் லோடுக்காகக் காத்துக் கிடக்கும் நாளில் சாப்பாட்டுச் செலவு அவருடையது, கொசுக்கடி அவருடையது, வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று போன் வந்தால் அந்தத் தவிப்பும் அவருடையது. வெறும் ஓட்டத்தைக் குறைப்பதைக் கரியமில வாயுக் கணக்காக மட்டும் பேசுகிறவர்கள் இந்த மனிதரை முதலில் கணக்கில் சேர்க்க வேண்டும். சும்மா காத்திருக்கும் நேரத்துக்குக் காசு கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தால், சரக்கு அனுப்புகிறவர்கள் தாமாகவே ஒரு நாள் முன்னதாகச் சேதி சொல்லப் பழகிவிடுவார்கள்.

நூற்பாலை, ஏற்றுமதிக் கம்பெனி, கிடங்கு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாளை மாலை எந்தப் பெட்டி காலியாகும் என்பது இன்று மாலையே உங்களுக்குத் தெரியும். அதை உங்கள் புக்கிங் ஆபீசுக்கு இன்றே சொல்லிவிடுங்கள். வந்த லாரியை உடனே இறக்கி அனுப்புங்கள். மற்றவர்களும் இதில் ஒன்று செய்யலாம். வீடு மாற்றுகிறீர்களா, ஊருக்கு மரச்சாமான் அனுப்புகிறீர்களா, தோட்டத்துத் தேங்காயை வெளியூர் மண்டிக்கு ஏற்றுகிறீர்களா? நாள் ஒன்றிரண்டு முன்பின் ஆனாலும் பரவாயில்லை என்று சொல்லி, "ரிட்டன் வண்டி ஏதாவது இருக்கா?" என்று கேளுங்கள். வாடகை குறையும், எம்ப்டியாகத் திரும்ப இருந்த ஓர் ஓட்டுநருக்கு அன்றைய படியும் கிடைக்கும்.